வாயை அடைக்கிற வசனம்

“குருவம்மா, எனக்கு அவசரமா ஒரு வசனம் வேணும்.”

துவைத்த அங்கியைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்த குருவம்மா, பல்லில் கடித்திருந்த கிளிப்பை எடுத்தார்.

“என்ன வசனம்க்கா?”

“எங்க வீட்டுக்காரர் வாயை அடைக்கிற வசனம். ஒண்ணே ஒண்ணு போதும். ஆனா நல்லா உறைக்கணும்.”

கேட்டவள் பெர்சியாள். குருவம்மா அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். குருப்பட்டம் வாங்கி, அங்கி போட்டு, ஊர்ச் சபைக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கின புதுக் குரு. பொம்பளை குருவா என்று முதல் மாதம் முகம் சுளித்த ஊர், இப்போது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது.

பெர்சியாளின் புருஷன் தவசீலன் இரும்புக்கடை வைத்திருக்கிறார். கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். குழம்பில் உப்பு கூடினால் வேதத்திலிருந்து ஒரு வசனம் சொல்வார். அவள் பக்கத்து வீட்டில் கொஞ்சம் நின்று பேசினால் ஒரு வசனம். அம்மா வீட்டுக்குப் போகணும் என்றால், அடேயப்பா, ஓர் அதிகாரமே வரும்! அந்த மனுஷன் வாயிலிருந்து சொந்தமாக வருகிறது பசிக்குது என்கிற ஒரு சொல்தான்.

“என்ன நடந்துச்சு?” என்றார் குருவம்மா.

“என் தங்கச்சி யோவன்னா நாளைக்குத் தையல் கடை திறக்கா, குருவம்மா! மெஷினெல்லாம் வந்து இறங்கியாச்சு! ‘அக்கா வந்து ரிப்பன் வெட்டுனாத்தான் திறப்பேன், இல்லன்னா பூட்டியே கெடக்கட்டும்’னு ஒத்தக் கால்ல நிக்கா.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

யோவன்னாள் கதை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவள் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். ஒருநாள் தாங்க முடியாமல் பிறந்த வீட்டுக்கு ஓடி வந்தாள். கமிட்டிக்காரர்கள் கூடினார்கள். தவசீலன்தான் வேதத்தைத் திறந்து, மனைவி புருஷனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று வாசித்தார். அவளும் நம்பித் திரும்பிப் போனாள்.

போனவளின் கையை அவன் முறித்துப் போட்டான். முறித்தவனிடம் போய் ஒருத்தரும் ஒரு வசனமும் வாசிக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

முறிந்த கை கூடினதும் யோவன்னாள் யாரையும் கேட்காமல் வெளியே வந்தாள், தையல் படித்தாள். அன்றிலிருந்து தவசீலனுக்கு அவள் கீழ்ப்படியாதவள். பெர்சியாள் அவள் வாசலை மிதிக்கக் கூடாது.

“நாளைக்குப் போகணும்னு அவர்கிட்ட சொன்னீங்களா?”

“எங்க சொல்ல விட்டாரு? ‘யோவன்னா’ன்னு வாயெடுத்தேன். அந்தப் பேர் காதுல விழுந்ததுமே எந்திரிச்சுப் போய் வேதத்தைத் தேடுதாரு. எனக்குத்தான் எதிர்த்துச் சொல்ல ஒரு வசனமும் ஓடலயே!”

“வசனம் இல்லாமச் சொல்லலாமே?”

“நல்லாச் சொன்னீங்க போங்க. எங்க வீட்டுல வசனம் இல்லாமப் பேசுனா அது பேச்சுலயே சேராது.”

குருவம்மா காலி வாளியைக் கையில் எடுத்தார்.

“சாயங்காலம் உங்க வீட்டு ஜெபத்துக்கு நான் வாரேன்.”

பெர்சியாளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

“வந்து அவரை நாலு கேள்வி கேப்பீங்களா?”

“இல்ல.”

“புத்தி சொல்லுவீங்களா?”

“இல்ல. பாயில உக்காருவேன்.”

“உக்காந்து?”

“உக்காந்திருப்பேன்.”

இதுக்கா இந்த வெயிலில் மெனக்கெட்டு வந்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள் பெர்சியாள்.

மத்தியானம் அடுக்களையில் போன் அடித்தது. தங்கச்சிதான்.

“அக்கா, ரிப்பன் சிவப்பா, மஞ்சளா? சீக்கிரம் சொல்லு, கடைக்காரர் நிக்காரு!”

“மெதுவாப் பேசுட்டி. எனக்கு எதுக்கு அதெல்லாம்? வாரது ஆண்டவர் சித்தம்.”

“ஆண்டவர் சித்தமா, அத்தான் சித்தமா?”

பெர்சியாள் “சிவப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அந்த வீட்டு ஜெபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பார்கள். தவசீலன் தொடங்குவார். அடுத்து பெர்சியாள், அடுத்து கல்லூரியில் படிக்கிற மகள் கெத்சியாள். தொடங்கினவரே கடைசி வசனத்தையும் வாசித்து முடிக்க வேண்டும் என்பது தவசீலன் போட்ட சட்டம். அவர் முடித்ததும் முழங்கால் போட்டு ஜெபம்.

பெர்சியாள் எதையாவது கேட்டு வைத்த நாளில், சாயங்காலம் ஒரே அதிகாரம்தான். கல்யாண ஆராதனையில் வாசிப்பார்களே, அது. மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனம் பிசகாமல் அவள் முறையில் வந்து விழும். தன் வாயாலேயே அதை வாசித்துவிட்டு அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஆண்டவரே தன்னைப் பார்த்துக் கண்டிக்கிறார் என்று நம்பினாள், பாவம். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் அது எப்படித் தன்னிடமே வரும்? சபையில் எழுந்து நின்று இதைச் சாட்சியாகவே சொல்லியிருக்கிறாள். தவசீலன் முன்வரிசையில் இருந்து பெரிதாக ஆமென் போட்டார்.

சாயங்காலம் ஸ்கூட்டர் வந்து நின்றது.

“வாங்க, வாங்க குருவம்மா!” தவசீலன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “இதுல உக்காருங்க. நாங்க வாசிக்கோம். நீங்க கடைசியில ஆசீர்வாதம் மட்டும் சொன்னாப் போதும்.”

“இருக்கட்டும் அண்ணாச்சி. இன்னைக்கு நானும் இந்த வீட்டு ஆளு.”

கெத்சியாளுக்கும் தவசீலனுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. குருவம்மா அதில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தவசீலனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். குருவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை வாசிப்பது எப்பேர்ப்பட்ட பாக்கியம்! தொண்டையைச் செருமித் தொடங்கினார். எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருக்க வேண்டும் என்கிற வசனம் அவர் பங்கு. அதை எப்போதும்போல ஒரே மூச்சில் விழுங்கினார்.

“ம், அடுத்து.”

பெர்சியாள் வாசித்தாள். மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும். வந்துவிட்டது, இன்றைக்கும் வந்துவிட்டது. ரிப்பனும் ஆச்சு, கடையும் ஆச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

கெத்சியாள் வாசித்தாள். புருஷன் மனைவிக்குத் தலை.

அடுத்ததும் மனைவிகள் கீழ்ப்படிய வேண்டியதைப் பற்றித்தான், அதுவும் எல்லாக் காரியத்திலும். தவசீலன் வழக்கமாக முழங்கி முடிக்கிற வசனம் அது. அவர் வாயைத் திறப்பதற்குள் குருவம்மா வாசிக்க ஆரம்பித்துவிட்டார். மெதுவாக, ஓர் ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசித்து நிறுத்தினார்.

“ஆமென்! ஜெபிப்போம்” என்று தவசீலன் வேதத்தை மூடினார்.

“அப்பா, நீங்க முடிக்கலையே?” என்றாள் கெத்சியாள்.

“அதான் முடிஞ்சிட்டுல்லா.”

“தொடங்குனவங்கதான் முடிக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“குருவம்மாவுக்கு நேரமாகும்ட்டி.”

“எனக்கு ஒரு அவசரமும் இல்ல அண்ணாச்சி” என்றார் குருவம்மா.

பெர்சியாள் தன் மடியிலிருந்த வேதத்தில் அடுத்த வரியைப் பார்த்தாள்.

அட!

புருஷர்கள் மனைவிகளிடம் அன்பாயிருக்க வேண்டும், தன்னையே கொடுத்துவிடுகிற அளவுக்கு அன்பாயிருக்க வேண்டும். கல்யாண வீடுகளில் காதில் விழுந்ததுதான். ஆனால் அப்போதெல்லாம் மாப்பிள்ளைக்குக் கோட்டு பொருத்தமா, பந்திக்கு இலை போட்டாச்சா என்றுதான் கவனம் இருக்கும். இந்த வீட்டில், இந்தப் பாயில், அதை ஒருத்தரும் வாசித்ததே இல்லை.

ஏன் இல்லை?

கண்ணாலேயே வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர், தான், மகள், மறுபடியும் அவர். அதோடு முடிந்துவிடும். இன்றைக்கு ஓர் ஆள் கூடுதலாக உட்கார்ந்ததும் வண்டி ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போய் நிற்கிறது!

எண்ணியிருக்கிறார் மனுஷன்! கடையில் ஆணி எண்ணிப் போடுகிற மாதிரி, எங்கே தொடங்கினால் எது யாருக்கு வரும் என்று எண்ணி வைத்தே தொடங்கியிருக்கிறார்!

அப்படியென்றால் ஆண்டவர்?

ஆண்டவர் தன்னைக் கண்டிக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை.

பெர்சியாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அடக்கினால் அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்னட்டி சிரிப்பு, ஜெப நேரத்துல?”

“நீங்க வாசிங்க” என்றாள்.

தவசீலன் கண்ணாடியைத் தேடினார். அது மூக்கின்மேலேயே இருந்தது. இருமினார். தண்ணீர் கேட்டார், மகள் எழுந்து போய்க் கொண்டுவந்தாள். வேறு வழியில்லாமல் வாசித்தார். அன்பு என்கிற இடத்துக்கு வரும்போதே குரல் இறங்கிவிட்டது. கடைசிச் சொல் பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பெர்சியாள் துள்ளி நிமிர்ந்தாள். கிடைச்சிட்டு! வாயை அடைக்கிற வசனம், அதுவும் அவர் வாயாலேயே! அந்த வரியில் விரலை ஊன்றி மூச்சை இழுத்தாள்.

“பாத்தீங்களா, இதுல என்ன போட்டிருக்குன்னு...”

குருவம்மா எழுந்து வந்து அவள் மடியிலிருந்த வேதத்தை எடுத்தார். மூடினார். அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

பெர்சியாளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சண்டைக்கு நிற்கிறவளின் கையிலிருந்து கம்பைப் பிடுங்கின மாதிரி இருந்தது.

“என்ன குருவம்மா, இப்பத்தானே கைக்கு வந்துச்சு!”

“சொல்ல வந்ததைச் சொல்லுங்கக்கா.”

“என்னத்த வச்சுச் சொல்ல? நீங்கதான் எடுத்து வச்சிட்டீங்களே!”

“ஆமா” என்றார் குருவம்மா.

பெர்சியாள் தன் வெறுங்கையைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். குருவம்மா முகத்தைப் பார்த்தாள், அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க.”

“என்ன?”

“நாளைக்குக் காலையில யோவன்னா கடை திறக்கா. நான் போறேன். ரிப்பன் வெட்டப் போறேன்.”

“அம்மா, நானும் வாரேன்!” கெத்சியாள் பாயை விட்டே எழுந்துவிட்டாள்.

தவசீலன் வேதத்தை மளமளவென்று புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார், அதற்கு அடுத்த வரியையும் பார்த்தார், சட்டென்று தாண்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். ஒருத்தரும் அவரை அவசரப்படுத்தவில்லை. குருவம்மா காலில் கடித்த கொசுவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மாவு பிரிட்ஜில இருக்கு” என்றாள் பெர்சியாள். “இட்லி நீங்களே ஊத்திக்கிடுங்க.”

தவசீலன் நிமிர்ந்தார்.

“நான் இன்னும் சரின்னு சொல்லலையே!”

“நான் இன்னும் கேக்கலையே” என்றாள் பெர்சியாள்.