செதிலி காட்டிய ஈரப் புற்று

கருங்காலிக் காட்டில் செதிலி என்றொரு எறும்புத்தின்னி இருந்தது. உடம்பெல்லாம் செதில், வால் மேல் ஒரு குட்டி. வளை தோண்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. முள்ளம்பன்றி மேஸ்திரியிடம் அதற்கு வேலை. முயலுக்கும் கீரிக்கும் உடும்புக்கும் வளை தோண்டிக் கொடுக்கும். கூலியாக அவர்கள் தங்கள் எல்லையில் ஒரு கறையான் புற்றைக் காட்டுவார்கள். அம்மாவும் குட்டியும் வயிறாரச் சாப்பிடும். கூலியாகக் காட்டாத புற்றில் வாய் வைத்தால் காடே சண்டைக்கு வந்துவிடும்!

இரண்டு வருடமாக மழை ஏமாற்றியது. குட்டை சேறானது. இருக்கிற வளையே போதும் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். மேஸ்திரி, வளை தோண்டும் தோண்டிகள் அத்தனை பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டது.

"நாளையிலேருந்து வர வேண்டாம் செதிலி! மழை பெய்தா சொல்லி அனுப்புறேன்."

செதிலி வேலை தேடிக் காடெல்லாம் அலைந்தது. அதற்கு ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. பயந்துவிட்டால் குட்டியையும் உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும்.

"தேன்கூட்டுக் காவலுக்கு ஆள் வேணும்தான். உனக்கு என்ன தெரியும்?" என்று கரடி கேட்டது. அவ்வளவுதான், செதிலி பந்து! கரடி அதை இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பந்துக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

"அம்மா, பசிக்குதும்மா!" என்றது உள்ளிருந்து குட்டி.

செதிலிக்கு அழுகை முட்டியது. இந்த வாரத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் காட்டை விட்டே போக வேண்டும். வெளியே தார் ரோடும் தெருநாய்களும்தான் உண்டு.

வழியில் நரி பார்த்துச் சிரித்தது. "அசடே! வேலை கேட்கப் போனா, தெரியாததையும் தெரியும்னு அடிச்சு விடணும். என்னைப் பார்த்துக் கத்துக்கோ!"

மறுநாள் யானைத் தலைவி காட்டைக் கூட்டியது. "தண்ணி இருக்கிற இடத்தைக் காட்டுறவங்களுக்கு எங்க கூட்டத்துல நிரந்தர வேலை! எங்க எல்லையில இருக்கிற இரையெல்லாம் அவங்களுக்குக் கூலி!"

நரி முந்திக்கொண்டது. "ஏழு காட்டுக்குத் தண்ணி கண்டுபிடிச்சுக் கொடுத்த மூக்கு இது! வாங்க!" என்று தனக்கு வசதியான நிழலாகப் பார்த்து, ஓர் ஆலமரத்தடியைக் காட்டியது. யானைகள் தோண்டித் தோண்டி ஓய்ந்தன. வந்தது பாறை.

"தண்ணி கொஞ்சம் நகர்ந்து போயிருக்கும்!" என்றது நரி. அப்படியே அதுவும் நகர்ந்துவிட்டது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செதிலிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்கு அலைந்தபோது அது எல்லாப் புற்றையும் ஏக்கத்தோடு பார்த்திருந்தது. முக்கால்வாசி காய்ந்து உதிர்ந்து கிடந்தன. சிலவற்றில் லேசான ஈரம். வன்னிமரத்துப் புற்றில் மட்டும் உச்சியில் புதுமண் நல்ல ஈரமாக இருந்தது. ஈரமில்லாமல் கறையான் மண் பூசாது. மேலே மழையில்லை என்றால் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?

"எனக்குத் தெரியும்!" என்று கத்தியது செதிலி. கத்திய வேகத்தில் சுருண்டும் விட்டது.

"யார் பேசினது?"

"நான்தான்... உள்ளே இருக்கேன்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யானைத் தலைவி சிரிக்கவில்லை. மண்டியிட்டுக் காதைப் பந்தின் பக்கம் சாய்த்தது.

"என் கன்னு நேத்துலேருந்து தண்ணி குடிக்கல தாயி. நீ சுருண்டுகிட்டே சொல்லு. எங்கே?"

கன்று என்றதும் செதிலிக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. தாகத்தில் துவண்ட ஒரு கன்று அதன் கண் முன் வந்து நின்றது. பந்து விரிந்தது. "என் பின்னாடி வாங்க!"

வன்னிமரத்தடியில், புற்றை ஒட்டினாற்போல் செதிலி நகத்தை ஊன்றியது. மண் பறந்தது! யானைகள் அள்ளி அள்ளி ஒதுக்கின. ஒரு யானை உயரம் இறங்கியதும் மண் குளிர்ந்தது. இன்னும் ஒரு முழம். சேறு. இன்னும் ஒரு முழம். களக் களக் என்று தண்ணீர்!

யானைகள் பிளிறிய பிளிறலில் காடே அதிர்ந்தது. கன்று முதலில் குடித்தது. குட்டி எறும்புத்தின்னி ஒரு புற்றையே காலி செய்தது.

"இன்னையிலேருந்து நீதான் எங்க ஊற்று மேஸ்திரி! வேற என்ன வேணும், கேள்!" என்றது தலைவி.

செதிலி நிமிர்ந்து நின்றது. "எனக்கு ஆள் வேணும். காட்டுல இன்னும் ஒன்பது புற்று லேசா ஈரமா இருக்கு. வேலை போன தோண்டிகள் ஒருத்தர் பாக்கி இல்லாம நாளைக் காலையில வரணும்!"

மறுநாள் பொழுது விடியும் முன்பே பெருச்சாளியும் மற்ற தோண்டிகளும் நகத்தைத் தீட்டிக்கொண்டு வன்னிமரத்தடியில் வந்து நின்றன.

வேலை இல்லாத காலத்திலும் ஊரின் தேவை ஓய்வதில்லை. அந்தத் தேவையைக் கண்டு, தனக்கு உண்மையாகத் தெரிந்த தொழிலோடு துணிந்து முன்வருபவர் தானும் பிழைப்பார், பிறரையும் பிழைக்க வைப்பார்.