அரசர் விற்ற எண்ணெய்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரும் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடும் ஒரு நாட்டில், விசயபூபதி என்ற அரசருக்குத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் காய்ச்சும் ஆசை வந்தது. அரசர்களுக்கு வரும் ஆசைகளில் இது எவ்வளவோ தேவலை. பக்கத்து நாட்டு அரசருக்குப் படையெடுக்கும் ஆசை வந்து அங்கே ஊரே வெந்துகொண்டிருந்தது. இங்கே எண்ணெய் மட்டும்தான் வெந்தது.

அரசி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பெண்களைத் தூர தேசங்களில் கட்டிக்கொடுத்தாயிற்று. காலையில் சபை, மாலையில் கோயில் என்று பொழுது போய்விடும். நடுவில் மதியம் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் அவருக்கு நகரவே இல்லை. நந்தவனத்து மண்டபத்தில் அடுப்பு மூட்டினார். தேங்காய் எண்ணெயில் செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டுக் கருகக் கருகக் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றினார்.

முதல் குப்பியை ஓர் அமைச்சர் வீட்டுக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். அமைச்சர் பதறிப்போய்ப் பட்டுப்பாய் விரித்தார், மோர் கொடுத்தார், குப்பியை முகர்ந்து பார்த்துக் கண் கலங்க, "அமிர்தம், அரசே!" என்றார். கண் கலங்கியது நெடியால். அரசர் கொண்டுவந்ததைச் சும்மா வாங்கிக்கொள்வது மரியாதையில்லை என்று ஒரு பொற்காசையும் நீட்டினார். அரசர் வாங்கிக்கொண்டார். மழை, மாம்பழம், மருமகன் என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு அரண்மனை திரும்பியவருக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அதன் பிறகு தினம் ஒரு வீடு. கையில் ஒரு குப்பி. வெறுங்கையோடு போய் உட்கார்ந்து பேச அரசருக்குக் கூச்சம். எண்ணெய் இருந்தால் போவதற்கு ஒரு சாக்கு. ஆனால் வாங்குகிறவர்கள் பாடு? எவ்வளவு எண்ணெய்தான் வாங்குவார்கள்? போகப் போக, அரசர் தெருமுனையில் திரும்பும்போதே ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தது, இன்னொரு வீட்டில் மாமியார் ஊருக்குக் கிளம்பினார்கள். நந்தவனத்துப் பக்கம் ஒருவரும் தலைகாட்டுவதில்லை. அரசருக்கோ ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் எண்ணெயைப் புகழ்கிறார்கள், ஒருவரும் தன்னோடு உட்காருவதில்லை, இது என்ன கூத்து என்று தனியாக அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சபையில் நல்லக்குட்டி என்று ஒரு விகடன் இருந்தான். மதிய வேளைகளில் அரசரோடு சொக்கட்டான் ஆட வருகிறவன் அவன் ஒருவன்தான். அவனும் வருவதை நிறுத்திவிட்டான். வாங்கினால் பொய் சொல்ல வேண்டும், வாங்காவிட்டால் அந்த மனிதர் முகம் சுண்டிப்போகும். இரண்டுக்கும் பயந்து வீட்டிலேயே கிடந்தான். அரசரைப் பார்க்காமல் அவனுக்கும் மதியம் நகரவில்லை என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

தனாதிபதி சம்புநாதருக்கு நல்லக்குட்டியைக் கண்டாலே ஆகாது. இவர் வருடக்கணக்கில் முதுகை வளைத்துச் சம்பாதித்த இடத்தை அவன் ஒரு சிரிப்பில் சம்பாதித்துவிடுகிறான் என்ற எரிச்சல். எண்ணெயை எல்லோரையும்விட அதிகம் வாங்கியவர் இவர்தான். இத்தனைக்கும் அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது.

ஒருநாள் சபையில் சம்புநாதர் எழுந்தார். "அரசே, இந்தச் சபையில் தங்கள் திருக்கரத்தால் காய்ச்சிய எண்ணெயை வாங்காதவர் ஒருவர் உண்டு. அவர் பெயரைச் சொல்ல என் நா கூசுகிறது" என்று சொல்லிவிட்டு, நா கூசாமல் நல்லக்குட்டியின் பெயரைச் சொன்னார்.

அரசர் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "ஏன் நல்லக்குட்டி? நீ மண்டபத்துக்கு வந்தும் நாளாயிற்றே?"

"அரசே, சிநேகிதரிடம் வியாபாரம் வைத்துக்கொள்வது அடியேனுக்கு ஒத்துவராது" என்றான் நல்லக்குட்டி.

"கேட்டீர்களா!" என்றார் சம்புநாதர். "நாங்கள் அத்தனை பேரும் அரசரின் நண்பர்கள். மகிழ்ச்சியோடு வாங்கினோம். இவனுக்கு நட்பு என்றால் என்னவென்று தெரியுமா? உண்மையில் ஒரு நண்பனாவது இருந்தால் இந்த எண்ணெயில் ஒரு குப்பியை அவனுக்கு விற்றுக் காட்டட்டும். வாய்ச்சாலக்காரன், ஏமாற்றி விற்றுவிடுவான். ஆகவே சரக்கைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும், எதையும் மறைக்கக் கூடாது. வாங்குகிறவன் அச்சமோ தாட்சண்யமோ இல்லாமல், தானே விரும்பி வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமைச் சபைக்குள் முடியாவிட்டால், நண்பனே இல்லாத ஒருவனுக்கு அரசரின் பக்கத்தில் என்ன வேலை? நாட்டை விட்டுப் போகட்டும்."

நல்லக்குட்டி அரசரைப் பார்த்தான். 'இதெல்லாம் எதற்கு' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தான். மனம் நொந்திருந்த அரசர், "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். நாட்டை விட்டுப் போவதைவிட அந்த வார்த்தை அவனுக்கு அதிகமாக வலித்தது.

குப்பியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான். வெற்றிலைக் கடை முத்துக்கருப்பன் சிறு வயது முதல் கூட்டாளி. எப்போதும், "வாடா, எங்கேடா இத்தனை நாளா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூப்பிடுகிறவன். அன்று குப்பியைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க, வாங்க" என்றான்.

நல்லக்குட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஏண்டா வாங்க போங்கன்னு கூப்பிடறே?"

"இல்ல... சும்மாதான். ஏதோ விக்கக் கொண்டாந்திருக்கீங்க போல. வீட்ல கேட்டுட்டுச் சொல்றேனே" என்றான் முத்துக்கருப்பன், வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தபடி. ஏற்கெனவே நனைந்து சொட்டிக்கொண்டிருந்த வெற்றிலை அது.

வளையல்கார நண்பன் வீட்டில் அவன் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவரு ஊர்ல இல்லீங்க" என்றாள். உள்ளே அந்த 'அவரு' தும்மினார். "பூனை" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாவது நண்பன் நல்லவன், குப்பியைப் பார்க்காமலேயே காசை எடுத்து நீட்டி, "வச்சுக்க, எண்ணெய நீயே கொண்டுபோயிரு" என்றான். பிச்சைக்காரனிடமாவது இரண்டு வார்த்தை நின்று பேசுவார்கள். இவனிடம் அதுகூட இல்லை. காசை வாங்காமல் திரும்பினான்.

வழக்கமாக நாலு பேர் மறித்துப் பேசும் தெரு. அன்று அவன் நடக்க நடக்கத் தெரு விலகிக்கொண்டே போனது. குப்பியோடு நடுத்தெருவில் நின்றபோது நல்லக்குட்டிக்கு அழுகை வந்தது. தன்னை நினைத்து அல்ல. ஐயோ, அந்த மனிதர் தினமும் இப்படித்தானே திரும்பிப் போயிருக்கிறார் என்று நினைத்து.

வீட்டில் மனைவி பேச்சியம்மை விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவங்களக் குத்தம் சொல்லாதீங்க. கடைக்காரன்னா நூறு சேலையப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு, ஒண்ணும் புடிக்கலைன்னு எந்திரிச்சு வந்துரலாம். சிநேகிதக்காரங்க கொண்டாந்தா அப்படிச் சொல்ல முடியுமா? வாங்குனா வயிறு எரியும், வேணாம்னா மனசு உறுத்தும். அதான் ஒளிஞ்சுக்கறாங்க."

"அப்போ யார்கிட்டதான் விக்கறது?"

"யாரு உங்க மூஞ்சிக்கு நேரா கூசாம வேணாம்னு சொல்லுவாங்களோ, அவங்ககிட்டதான்."

"அப்படி ஒரே ஒருத்தர்தான் இருக்காரு" என்று நல்லக்குட்டி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

வெள்ளிக்கிழமை சபை நிறைந்திருந்தது. அவன் தோற்று நிற்பதைப் பார்க்கச் சம்புநாதர் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். நல்லக்குட்டி நேரே சிம்மாசனத்தின் முன்னால் போய், துண்டை விரித்து, குப்பியை நடுவில் வைத்து, "எண்ணெய்! தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்!" என்று கூவினான்.

"அரசரிடமேவா!" என்று துள்ளி எழுந்தார் சம்புநாதர்.

"நண்பனிடம் விற்கச் சொன்னீர்கள். அச்சமோ தாட்சண்யமோ இல்லாமல் வாங்குகிறவனாக இருக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். இந்த நாட்டில் யாருக்கும் அஞ்சாமல் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர் அரசர் ஒருவர்தான். அரசர் என் நண்பர் அல்ல என்றால் அவரே சொல்லட்டும். இப்போதே போய்விடுகிறேன்."

அரசர் குப்பியைப் பார்த்தார். "நண்பன்தான்" என்றார் மெதுவாக. "சரக்கைப் பற்றிச் சொல்."

"உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது தனாதிபதியின் கட்டளை. ஆகவே சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும். இந்த எண்ணெயில் வெந்தயம் கருகியிருக்கிறது. தேய்த்தால் ஈ மொய்க்கும். தலையணை பாழாகும். வெயிலில் போனால் நாய் பின்னாலேயே வரும்."

"பொய்!" என்றார் சம்புநாதர். "நான் தினமும் தேய்க்கிறேன்."

"எங்கே?" என்று கேட்டார் அரசர், அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்தபடி.

சம்புநாதர் தலையைத் தடவிக்கொண்டார். நல்லக்குட்டி சொன்னான்: "பொய்யில்லை அரசே, தேய்க்கத்தான் செய்கிறார். வண்டியின் அச்சுக்கு. ஊரில் இப்போதெல்லாம் பெரிய மனிதர்கள் வீட்டு வண்டி ஒன்றுகூடக் கிறீச்சிடுவதில்லை, கவனித்தீர்களா?"

அரசர் சபையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. அவர் முகத்தில் இருந்த வேதனையைப் பார்த்து நல்லக்குட்டிக்கே ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

"அப்படியென்றால் ஏன் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்?"

"வந்தவர் அரசராயிற்றே."

"நான் எண்ணெய் விற்கவா போனேன், நல்லக்குட்டி?"

"இல்லை அரசே. பேச ஆளில்லாமல் போனீர்கள். எண்ணெய் கொண்டு போனதால் இருந்த ஆளும் போய்விட்டது. அடியேனும்தான் ஓடிப்போனேன். அது என் குற்றம்."

அரசர் இறங்கி வந்தார். துண்டின் எதிரே தரையில் உட்கார்ந்தார். இப்போது அவர் வேண்டாம் என்று சொன்னால் நல்லக்குட்டி அன்றே நாட்டை விட்டுப் போக வேண்டும். குப்பியைத் திறந்தார், முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"அரசி காய்ச்சும்போதும் வெந்தயம் கருகத்தான் செய்யும்" என்றார். "எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டாள். அந்த வாசனைதான் எனக்கு வேண்டியிருந்தது. இந்த நாட்டில் இது பிடித்த ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. என்ன விலை?"

"இரண்டு பொன்."

அரசர் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார்.

"ஐயோ அரசே, சொன்ன விலைக்கா வாங்குவது? ஈ மொய்க்கிற எண்ணெய்க்கு இரண்டு பொன்னா, உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டாமா?"

"உனக்கு மனசாட்சி இருக்கிறதா?" என்று அரசர் கேட்டார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். நல்லக்குட்டி, தன் பிள்ளைகள் பட்டினி கிடப்பதாகப் புலம்பினான். உனக்கு ஏது பிள்ளைகள் என்று அரசர் மடக்கினார். அப்புறம் குரல் ஏறியது, எழுந்து போவதுபோல் எழுந்தார், திரும்பி வந்தார், கடைசியில் அரைப் பொன்னுக்கு முடித்தபோது வெற்றி பெற்ற களிப்பில் சபை அதிரச் சிரித்தார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி நல்லக்குட்டியின் கழுத்தில் போட்டார். வாங்கிய அத்தனை பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அந்த வேலையைச் சம்புநாதர் தலையிலேயே கட்டினார்.

சபை கலைந்த பிறகு அரசர் கேட்டார்: "இனிமேல் நான் போனால் கதவைத் திறப்பார்களா?"

"கொஞ்ச நாளைக்குத் திறக்கமாட்டார்கள்" என்றான் நல்லக்குட்டி. பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "அதுவரை அடியேன் வீட்டுக்கு வாருங்கள்."

மறுநாள் மதியம் அரசர் தனியாக நடந்து போய்க் கதவைத் தட்டினார். நல்லக்குட்டி கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான். பேச்சியம்மை அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "யாரா இருந்தாலும் சரி, எங்களுக்கு ஒண்ணும் வேணாம், போயிட்டு வாங்க!"

பிறந்தது முதல் அந்த அரசரிடம் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தார்.

"விற்க வரவில்லை தாயே" என்றார். "சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" என்றாள் பேச்சியம்மை. "அப்போ உள்ள வாங்க."