உமிச்சுவர் செய்த ராஜத்துரோகம்

வெக்கையூர் ராஜ்ஜியத்தில் சித்திரை பிறந்தால் போதும், குளத்து மீனெல்லாம் கரையேறிப் புளியமரத்தடியில் ஒதுங்கும். மகாராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்தால் சமையல்காரன் அதன்மேல் அப்பளம் சுட்டுக்கொள்வான்.

"புது அரண்மனை கட்டப்போகிறேன். அனலை உள்ளே விடாத வெளிச்சுவர் வேண்டும். மாதிரி அறை கட்டிக் காட்டுங்கள்!" என்றார் மகாராஜா.

மூன்று அறைகள் எழும்பின. வைக்கோல் திணித்த சுவரைப் பட்டத்து யானை அன்றைக்கே தின்று தீர்த்துவிட்டது. மிச்சம் இரண்டு. மந்திரி சண்டப்பிரசண்டர் கட்டியது கருங்கல் சுவர். நடுவே கம்பளி, வெளியே பளபளவென்று பித்தளைத் தகடு. மற்றது கொத்துவேலைக்காரி பூவாயி கட்டியது. இரண்டு மண்சுவர், நடுவே ஒரு முழத்துக்கு நெல் உமி, அவ்வளவுதான். அவளைக் கூட்டிவந்து பரிந்து பேசியவர் அரசவை விகடர் வாஞ்சியப்பர்.

"உச்சி வெயிலில் எந்த அறையில் ஆள் நன்றாகத் தூங்குகிறாரோ, அந்தச் சுவர் ஜெயித்தது. தோற்ற சுவருக்குப் பரிந்து பேசியவர் கோடை முழுக்க, கொடிமரத்துக்குப் பதிலாக மொட்டைமாடியில் கொடி பிடித்து நிற்கவேண்டும்!" என்று விதித்தார் மகாராஜா.

மந்திரி தானே பித்தளை அறைக்குள் போய்ப் படுத்தார். உமி அறையில் பூவாயி.

சற்று நேரத்தில் பித்தளை அறை குறட்டையில் அதிர்ந்தது. உமி அறையிலிருந்து கொசு முனகுவதுபோல் ஏதோ கேட்டது.

"ஆகா, மந்திரிதான் ஜெயித்தார்!" என்றார் மகாராஜா.

வாஞ்சியப்பர் பித்தளை அறையை அண்ணாந்து பார்த்தார். பித்தளைமேல் உட்காரப்போன காக்கை அலறிக்கொண்டு பறந்தது. உள்ளே ஒரு மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறாராம்!

"மகாராஜா, தாங்கள் எழுந்தருளி இவ்வளவு நேரமாகியும் கட்டியக்காரன் தங்கள் பட்டங்களைக் கூவவில்லையே. முறை தவறலாமா?" என்றார்.

அந்த ராஜ்ஜியத்தில் அரசரின் நாற்பத்திரண்டு பட்டங்களைக் கட்டியக்காரன் கூவி முடித்தால், காதில் விழுந்தவரெல்லாம் துள்ளி எழுந்து "வாழ்க!" என்று கத்தியாகவேண்டும். பச்சைப்பிள்ளைக்குக்கூடப் பழகிப்போன சங்கதி.

கட்டியக்காரன் தொண்டை கிழியக் கூவினான்.

"வாழ்க!" பித்தளை அறைக்குள் ஒரு குரல். தொடர்ந்து மண்டை இடிக்கும் ஓசை. கதவு திறந்தது. ஆவி பறக்க, வெந்த கிழங்காக நின்றார் மந்திரி.

"முப்பது வருஷப் பழக்கம், மகாராஜா..." என்று இழுத்தார்.

"பொய்க் குறட்டையா விட்டீர்? ஏறும் மொட்டைமாடிக்கு!" என்றார் மகாராஜா.

உமி அறையில் மட்டும் அசைவே இல்லை. மகாராஜாவின் மீசை துடித்தது. "நாற்பத்திரண்டு பட்டம் சொல்லியும் ஒருத்தி தூங்குகிறாளா? ராஜத்துரோகம்! திற கதவை, அறு காதை!"

சேவகன் கதவைத் திறந்து கத்தியை உருவினான். வாஞ்சியப்பர் குறுக்கே பாய்ந்தார்.

"பொறுங்கள் மகாராஜா! தங்கள் பட்டங்களை வழிமறித்தது இந்தச் சுவர். துரோகி இதுதான். காலமெல்லாம் தங்கள் அரண்மனையைச் சுற்றி வெயிலில் நிற்கும்படி தண்டியுங்கள்!"

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கதவுதான் திறந்திருந்ததே, சிரிப்பு நேரே உள்ளே போனது.

"எவன்யா அது, தூங்குற நேரத்துல?" என்றாள் பூவாயி.

மகாராஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.