இரண்டே வார்த்தை

மாநாட்டுக்கு மைக் செட் போட்டவர் காசிமாயன். தலைவர் தில்லைநாயகம் காலையிலேயே அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மேடையில் அவரவர் சொன்ன அளவைத் தாண்டினால் மைக்கை அணைச்சிடு. யாராயிருந்தாலும் சரி."

"நீங்களா இருந்தாலுமாங்கய்யா?"

"நான் என்னைக்குய்யா அளவு மீறியிருக்கேன்?"

கடைசியாகப் பேச வேண்டியவர் மலையூர்ச் செவிலியர் பவளக்கொடி. பாம்புக்கடிக்கு முதலுதவி சொல்ல வந்திருந்தார். அவர் கேட்டிருந்தது பன்னிரண்டு நிமிடம். ஊருக்குப் போகும் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. நாலு ஐம்பதுக்கே காசிமாயன் அவர் உயரத்துக்கு மைக்கை இறக்கி, பக்கத்தில் தண்ணீரும் வைத்துவிட்டார்.

அந்த மைக்கைத் தலைவர் வந்து பிடித்துக்கொண்டார். கையில் பதினான்கு பக்க உரை. பவளக்கொடி கடிகாரத்தைப் பார்த்தார், முகம் வாடிவிட்டது.

"இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்," என்றார் தலைவர். "அவையோருக்கு வணக்கம்."

மைக் அணைந்தது.

"யோவ் காசி! என்னய்யா ஆச்சு?"

"எண்ணிட்டேங்கய்யா. அவையோருக்கு ஒண்ணு, வணக்கம் ரெண்டு. அளவு சரியா இருக்கு."

மண்டபமே சிரித்தது. வேறு வழியில்லாமல் தலைவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

"கடிவாயைக் கீறாதீங்க, கயிறு கட்டாதீங்க, ஆளை அசைக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க," என்று பவளக்கொடி நிதானமாகப் பேசினார். பதினோரு நிமிடம்தான் ஆனது. பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டும் கிடைத்தது.

மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்த காசிமாயனிடம் தலைவர் வந்தார்.

"அடுத்த வருஷம் ஆயிரம் வார்த்தைன்னு சொல்லப்போறேன்."

"தாராளமா சொல்லுங்கய்யா. எண்ணிக்கிறேன்."