மருளி சுமந்த முதுகுப்பை

கருங்குட்டைக் காட்டில் மருளி என்றொரு சருகுமான் இருந்தது. முயல் உயரம்தான் இருக்கும். பழுப்பு உடம்பு, அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். இலை உதிர்ந்தாலும் அதற்கு நெஞ்சு படபடக்கும்.

அந்தக் கோடையில் குட்டை வற்றிவிட்டது. முதலில் மீன்கள் செத்தன. பிறகு சேறு பாளம் பாளமாக வெடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத ஆறு ஓடுகிறது என்று சொல்லிவிட்டுக் கொக்குகள் பறந்துபோயின. பறக்க முடியாதவை நடந்துதான் ஆக வேண்டும்.

பக்கத்துப் புதரில் இருந்த வெடுக்கு என்ற முயல் ஓடி வந்தது.

“மருளி அக்கா! விடிந்ததும் கிளம்பிவிடலாம். வா, தூக்கணாங்குருவியிடம் ஆளுக்கொரு முதுகுப்பை வாங்கிக்கொள்வோம்!”

தூக்கணாங்குருவி ஈச்ச மரத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தது. கூடு பின்னுகிற அலகுக்குப் பை பின்னுவது பெரிய வேலையா? கிளைகளில் குட்டிக் குட்டிப் பைகள் தொங்கின. தோள்வாரில் இலவம்பஞ்சு வைத்திருந்தது.

“முதலில் வெறும் பையைத் தூக்கிப் பாருங்கள்! வெறும் பையே கனத்தால் நிறைந்த பை உங்களைப் படுக்க வைத்துவிடும். மாட்டிக்கொண்டு நாலு துள்ளுத் துள்ளுங்கள். தோளில் உரசினால் சொல்லுங்கள், வாரைத் தளர்த்தித் தருகிறேன்!” என்றது.

வெடுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு துள்ளியது. “முதுகில் ஏதாவது இருக்கிறதா என்ன? தெரியவே இல்லையே!” என்று சிரித்தது.

மருளி தன் பையைத் திறந்து பார்த்தது. ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீர், இரண்டு பிடி நெல்லிக்காய். அவ்வளவுதான் கொள்ளும்.

“இது போதுமா? வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?”

“போகப் போகக் கிடைப்பதைத் தின்னலாம். கால் ஓடினால் போதும், மற்றது தானாக வரும்!” என்றது குருவி.

மருளிக்கு மனம் ஒப்பவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அன்று மாலை புதருக்கு வெளியே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த மருளி உறைந்துபோனது. கழுதைப்புலி நின்றுகொண்டிருந்தது!

“பயப்படாதே தங்கச்சி! நான் செத்ததைத் தின்கிறவன். உயிரோடு இருப்பதைத் துரத்த என் கோணல் கால்களால் முடியுமா?” என்று கழுதைப்புலி இளித்தது. “மலை தாண்டப் போகிறாயாமே! இதோ, உனக்காகவே ஒரு பை கொண்டுவந்தேன்.”

பெரிய தோல் பை அது. செம்மண் பூசிப் பளபளப்பாக இருந்தது. எத்தனை அறைகள்! எத்தனை மடிப்புகள்!

“கொஞ்சம் கனமாக இருக்கிறதே, அண்ணா!”

“கனம் இருந்தால்தானே உழைக்கும்? யோசித்துப் பார். வழியில் புல்லே இல்லையென்றால்? மழை பிடித்துக்கொண்டால்? குளிர் அடித்தால்? காலில் முள் ஏறிச் சீழ் பிடித்தால்? பாவம், தனியாகக் கிடந்து என்ன செய்வாய்?”

ஒவ்வொரு கேள்விக்கும் மருளியின் நெஞ்சு ஒரு தரம் துள்ளியது. பையை வாங்கிக்கொண்டது. பசியை நினைத்துக் கிழங்குகளைப் போட்டது. மழையை நினைத்துப் பாக்குமட்டைகளைச் செருகியது. குளிரை நினைத்துச் சருகுகளை அமுக்கியது. முள்ளை நினைத்துப் பச்சிலையும் பட்டையும் திணித்தது. பயம் தீரவில்லை. பைதான் நிறைந்தது.

விடியலில் கழுதைப்புலியே வந்து வாரை மாட்டிவிட்டது. மருளியின் மார்புக்குக் குறுக்கே ஒரு முடிச்சும் போட்டது.

“இறுக்கமாக இருந்தால்தான் அசையாது, தங்கச்சி! போய் வா!”

வெடுக்கு முன்னால் துள்ளிப் போயிற்று. மருளி பின்னால் தள்ளாடிப் போயிற்று. வார் தோளை அறுத்தது. ஏற்றத்தில் பை பின்னுக்கு இழுத்தது, இறக்கத்தில் முன்னுக்குத் தள்ளியது.

“அக்கா, பாதியையாவது கொட்டிவிடு!” என்றது வெடுக்கு.

“மழை வந்தால்?”

“வானத்தைப் பார்! ஒரு மேகம் இருக்கிறதா?”

“வந்துவிட்டால்?”

வெடுக்கு தன் நடையைக் குறைத்துக்கொண்டது. ஒரு நாளில் தாண்டவேண்டிய சரிவில் இருவரும் நாள்கணக்கில் ஊர்ந்தார்கள்.

மலையில் பாதி தூரம் ஏறியிருப்பார்கள். பின்னால் ஒரு கல் உருண்டது. மருளி திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை. சற்று நடந்ததும் மீண்டும் ஒரு கல் உருண்டது. இவர்கள் நின்றால் சத்தமும் நின்றது. நடந்தால் அதுவும் நடந்தது.

“வெடுக்கு, உனக்குக் கேட்கிறதா?”

வெடுக்கு மருளியின் முதுகையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காதுகள் மடிந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டன.

“அக்கா... உன் வியர்வையில் பையின் சாயம் கரைகிறது. உள்ளே புள்ளி தெரிகிறது!”

“என்ன புள்ளி?”

“உன் உடம்பில் இருக்கிறதே, அதே புள்ளி. ஒரு தோல் இல்லை அக்கா. நாலைந்து தோல்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறது!”

போன கோடையில் மலை தாண்டப் போன சருகுமான்களை மருளி நினைத்துப் பார்த்தது. அந்தப் பக்கம் சுகமாக இருக்கும் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவற்றின் தோலையா இத்தனை நாளும் முதுகில் சுமந்தோம்?

“கழற்று! இதைக் கழற்று!” என்று கதறியது.

முடிச்சு வியர்வையில் ஊறி இறுகிக் கிடந்தது. அவிழவில்லை. அப்போது சரிவின் கீழே ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத, முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும் கழுதைப்புலிச் சிரிப்பு!

“ஓடு, அக்கா!”

இருவரும் ஓடினார்கள். உச்சியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு இருந்தது. அதைத் தாண்டினால் இறக்கம். வெடுக்கு நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. மருளியும் தலையை நுழைத்தது. கழுத்து போயிற்று, தோள் போயிற்று. பை போகவில்லை! பாறைக்கு நடுவே ஆப்பு அடித்தது போல் மாட்டிக்கொண்டது.

கழுதைப்புலி ஓடி வரவில்லை. அவசரமே இல்லாமல் நடந்து வந்தது.

“தங்கச்சி! பை சௌகரியமாக இருக்கிறதா? எல்லாரும் இந்த இடத்தில்தான் நிற்பார்கள்.”

மருளியின் பின்னங்கால்கள் காற்றில் உதைத்துக்கொண்டன. எதிரே வெடுக்கின் முகம் தெரிந்தது. வெடுக்கு நினைத்திருந்தால் அந்த நேரத்தில் பாதி மலை இறங்கியிருக்கலாம்.

“நீ போய்விடு! என்னோடு நீயும் சாகாதே!” என்றது மருளி.

“பேசாதே! மூச்சை உள்ளே இழு!”

வெடுக்கு மருளியின் மார்புக்குக் கீழே தலையை நுழைத்து வாரைக் கடிக்கத் தொடங்கியது. தோல் தடித்துக் கிடந்தது. பல்லில் ரத்தம் கசிந்தது. கறுக், கறுக், கறுக்! ஒரு வார் அறுந்தது. இன்னொன்று பாதிதான் அறுந்திருந்தது.

அதற்குள் மருளியின் பின்னங்கால்மேல் சூடான மூச்சு பட்டது. கழுதைப்புலி பையைக் கவ்வி, பலம் கொண்ட மட்டும் பின்னுக்கு இழுத்தது. மருளி முன்னங்கால்களைப் பாறையில் ஊன்றிக்கொண்டது.

படீர்!

பாதி அறுந்திருந்த வார் அந்த இழுப்பிலேயே தெறித்தது. மருளி முன்னால் போய் வெடுக்கின்மேல் விழுந்தது. கழுதைப்புலி பையோடு பின்னால் சாய்ந்து, கிழங்கும் பட்டையும் சிதறச் சரிவில் உருண்டது. எழுந்து வந்து இடுக்கில் மூக்கை நுழைத்தது. மூக்கு மட்டும்தான் நுழைந்தது. மஞ்சள் கண்கள் இரண்டும் பாறைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன.

அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இறக்கத்தில் உருண்டும் தாவியும் ஓடினார்கள். மருளிக்குத் தன் உடம்பு எவ்வளவு லேசானது என்பதே அப்போதுதான் தெரிந்தது. வெடுக்கின் பையில் மீதமிருந்த நெல்லிக்காயைப் பகிர்ந்துகொண்டார்கள். அது தீர்ந்ததும் வழியில் விழுந்துகிடந்த அத்திப்பழம் கிடைத்தது. ஒரு வேளை பட்டினியும் கிடந்தார்கள். பட்டினி கொல்லவில்லை. மழையும் வரவில்லை.

ஆற்றங்கரையை அடைந்தபோது மருளி குனிந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு முறை தலையைத் தூக்கி மலையைப் பார்த்தது. அந்தப் பழக்கம் அதற்குக் கடைசிவரை போகவில்லை.

வழியில் என்ன வருமோ என்று அஞ்சி அஞ்சிக் கட்டிய மூட்டையே, ஆபத்து வரும்போது ஓடவிடாமல் காலைக் கட்டும்.