இதோ வந்துகொண்டே இருக்கிறார்

நெல்லிக்காட்டுச் சாமியிடம் கடைசியாக வந்து சேர்ந்த சீடருக்குச் சாமியைவிட வயது அதிகம். பெயர் வெற்றிவேந்தன். பாதி ஆயுளைக் கட்சி மேடைகளில் மைக் பிடித்தே கழித்த மனிதர்.

தலைவர் வர மணிக்கணக்காகும். கூட்டம் எழுந்து கலையப் பார்க்கும். “அன்புத் தாய்மார்களே, அமைதியாக உட்காருங்கள். தலைவர் இதோ வந்துகொண்டே இருக்கிறார்!” என்பார் வெற்றிவேந்தன். அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். இதை அவர் நடித்துக்காட்டியே மடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

தலைவர் வந்தார், ஆட்சியும் வந்தது. சொன்ன விடிவு மட்டும் வரவில்லை. மனம் வெறுத்து, அவதாரம் வரப்போகிறது என்று காலி நாற்காலிக்குப் பூஜை செய்த ஒரு சபையில் சேர்ந்தார். அதுவும் கசந்து இங்கே வந்தார்.

அன்று சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வெற்றிவேந்தன் எதிரே போய் உட்கார்ந்தார்.

“ஏங்கி ஏங்கி நெஞ்சு வத்திப்போச்சு சாமி. நம்மள மீட்க யாராவது வருவாங்களா, மாட்டாங்களா? இன்னைக்கு எனக்குப் பதில் தெரிஞ்சாகணும்.”

“வாசல்ல யாரோ நிக்கிறாங்களே.”

வெற்றிவேந்தன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “என் வீட்டுக்காரி சௌந்தரம்தான். மாசாமாசம் பஸ் ஏறி வந்துடுறா.”

“எதுக்கு?”

“வீட்டுக்குக் கூப்பிடத்தான். பையன் போய்ச் சேர்ந்ததுலேருந்து தனியா இருக்க முடியலையாம்.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

“வர்றேன், வர்றேன்னு சொல்லி அனுப்பிடுவேன். அது கிடக்கட்டும் சாமி, நான் கேட்டதுக்கு…”

சாமி மடியிலிருந்த காம்புகளை உதறிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். வெற்றிவேந்தனும் பின்னால் போனார்.

புங்கமரத்தடியில் சௌந்தரம் நின்றிருந்தார். கையில் துணிப்பை. அதில் வெற்றிவேந்தனின் வெள்ளைச் சட்டை, துவைத்துத் தேய்த்து மடித்தது. திரும்பி வரும்போது அவர் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று மாதாமாதம் கொண்டுவருவார், மாதாமாதம் எடுத்துப்போவார்.

சாமி மைக் பிடிப்பதுபோல் கையை வாயருகே வைத்துக்கொண்டார். அப்படியே வெற்றிவேந்தனின் மேடைக்குரல்.

“அன்புத் தாய்மார்களே, அமைதியாக உட்காருங்கள். இதோ வந்துகொண்டே இருக்கிறார்!”

எத்தனையோ கூட்டங்களில் முன்வரிசையில் இருந்தவர் சௌந்தரம். சட்டென்று, பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.



சாமி வெற்றிவேந்தன் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்.

“தலைவர் கிளம்பிட்டாராய்யா?”