இரண்டாவது வரி

கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் செண்பகவல்லி. தென்காசியில் அம்மாவிடம் விட்டுவந்த மகள் பொன்னி நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். போய்ப் பார்க்க ஏங்கிக் கிடந்தாள். லீவு கேட்டால் முதலாளி ராஜரத்தினம் ஒரே பிடியாக நின்றார்.

"சர்வரைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேரை முதல்ல போடு. எல்லா அதிகாரமும் கொடு. அப்புறம்தான் லீவு!"

"சர்வர் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்க அவ்வளவு அதிகாரம் எதுக்கு சார்? எல்லார் ஃபோல்டரையும் நோண்டும்."

"நோண்டட்டுமே! எனக்கே பாடம் எடுக்கிறியா?"

சொன்னபடியே செய்தாள். அரைமணி நேரத்தில் அவர் அறைக்குப் போய், முதல் ரிப்போர்ட்டை அவர் கையில் மட்டும் கொடுத்தாள்.

'முதலாளி ஃபோல்டர்: பேத்தி நடக்கிறாள் வீடியோ. இந்த வாரம் பதினேழு தடவை.'

ராஜரத்தினம் சட்டென்று தாளைக் கவிழ்த்து வைத்தார். "இது யாருக்கெல்லாம் போகும்?"

"அந்த சாஃப்ட்வேர்காரங்க வரைக்கும் போகும் சார். இன்னும் நான் அனுப்பவிடலை."

"அதிகாரத்தைக் குறைச்சிடும்மா." குரல் இறங்கியது. "பேத்தி கனடாவில இருக்கா. இன்னும் தூக்கினதுகூட இல்ல."

செண்பகவல்லி லீவு லெட்டரை மேஜைமேல் வைத்தாள். "இரண்டாவது வரியையும் படிங்க சார்."

'செண்பகவல்லி ஃபோல்டர்: பொன்னி நடக்கிறாள் வீடியோ. இந்த வாரம் நாற்பத்தோரு தடவை.'

முதலாளி பேனாவைத் தேடினார்.